பழைய லாரி இன்ஜினைப் பார்க்க: ஸ்கேனரா, ஆயில் மூடியா?

பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் இப்போது ஸ்கேனர் (இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கையோடு கூட்டிப் போகிறார்கள். எங்கள் வண்டி காமன் ரெயில் இன்ஜின் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகும் வகை) உள்ள பிஎஸ் 4, அதாவது புகை மாசு விதியின் நான்காம் கட்டத்து வண்டி. வாங்கும்போது ஸ்கேனரும் போட்டோம், பழைய முறையில் கையாலும் பார்த்தோம். கையால் பார்த்ததை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெயில் பிரஷர் (அந்தக் குழாயில் டீசலின் அழுத்தம்), நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை), சென்சார் கோளாறெல்லாம் அதில் சீக்கிரம் தெரியும். ஆனால் விற்பவர் முந்தின நாளே எரரை அழித்துவிட்டால் திரை சுத்தமாகத்தான் இருக்கும். மெக்கானிக்கல் பம்பு உள்ள பிஎஸ் 3 வண்டியில் அதற்கு வேலையே இல்லை.

செலவைத் தீர்மானிப்பது பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கி, ஆயில் மூடி வழியாகப் புகையாக வெளியே தள்ளுவது. நாசில் போனால் நாசிலோடு முடியும். லைனர், பிஸ்டன், ரிங் தேய்ந்தால் இன்ஜினையே இறக்க வேண்டும். பேரிங், கிராங்க் என்று வேலை நீளும். வண்டி ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்காது.

காலையில் போய் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்கு முன்னே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் அடித்ததும் வரும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைத் திருகாமல் கவிழ்த்து வையுங்கள். லேசான ஆவி வந்தால் பயமில்லை. புகை குப்குப்பென்று தள்ளி மூடி துள்ளினால் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு நிதானம் தேவை. பிரேக்குக்குக் காற்றேற்றும் ஏர் கம்ப்ரஸர் தேய்ந்திருந்தாலும் அந்தக் காற்று இன்ஜினுக்குள் இறங்கும்; டர்போ சீல் போனாலும் அப்படித்தான். காற்று டேங்க் நிரம்பி, மிச்சக் காற்றை வெளியே விடும் அன்லோடர் வால்வு 'புஸ்' என்று விட்ட பிறகும் அதே வேகத்தில் புகை வந்தால் பிஸ்டன் பக்கம்தான் பெரும்பாலும் கோளாறு. ஆயிலையும் விரலில் தொட்டுப் பாருங்கள். புகையை மறைக்க கெட்டி ஆயில் ஊற்றி நிறுத்துவதும் உண்டு.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி), ஆட்புளூ (புகையின் மாசைக் குறைக்க ஊற்றும் திரவம்) சமாச்சாரமெல்லாம் கைக்குப் பிடிபடாது. அதற்கு மட்டும் ஸ்கேனர் ஆள் இல்லாமல் போக வேண்டாம். ஆயில் மூடியையும் திறந்து பார்த்துவிடுங்கள்.