கிறவல் வீதிக்கு ஏற்ற சொக்: குறைந்த செலவில் ரிமோட் காரைத் திருத்தும் வழிகள்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பிரதான வீதியை விட்டு உட்புறம் இறங்கும் பல கிளை வீதிகளில், சிறிது தூரத்திலேயே தார் முடிந்து கிறவல் தொடங்கிவிடும். மழையற்ற மாதங்களில் உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் ஓடி ஓடி அந்தக் கிறவல் நெளிநெளியாக இறுகிப்போகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது முதுகுவலி மட்டுமே. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லுக்கோ ஒவ்வொரு நெளிவும் ஒரு வயல்வரம்பு. பத்தில் ஒரு பங்கு அளவிலான ரிமோட் காரை இங்கே ஓட்டுகிறவர் முதலில் மாற்ற நினைப்பது மோட்டரை. மாற்ற வேண்டியது பெரும்பாலும் சில்லின் அதிர்வைத் தாங்கும் சொக்கை.

சொக்கின் வேலை இரண்டு. சுருள்வில் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். உள்ளிருக்கும் ஒயில், பிஸ்டனின் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போகையில் அந்தச் சக்தியை வெப்பமாக்கித் தீர்க்கும். விலை குறைந்த கார்களில் ஒயிலே இல்லாமல், உராய்வை மட்டும் நம்பிய சொக்குகள் வருவதுண்டு. அவற்றில் வில் மட்டுமே உயிரோடிருக்கும். கார் தவளைபோலத் துள்ளும். சில்லு நிலத்தை விட்டு எழும் நேரத்தில் திருப்பினாலும் கார் திரும்பாது.

கையில் இருக்கும் காரில் ஒயில் சொக் ஏற்கெனவே இருந்தால், அது பிளாஸ்டிக்காக இருந்தாலும், அதையே திருத்துவதுதான் முதல் வழி. என் கணக்கில் சிறந்த வழியும் அதுவே. வேண்டியது ஒரு சிறு போத்தல் சிலிக்கன் ஒயிலும் ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் வளையங்களான புதிய ஓ-றிங்குகளும் மட்டுமே. ஒரு போத்தல் நான்கு சொக்குகளையும் பல தடவை நிரப்பப் போதுமானது. ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் இலக்கங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும் என்பதால், போத்தலில் தடிப்பின் அலகான சென்டிஸ்டோக்ஸ் அளவு இருந்தால் அதையே பார்த்து வாங்குவது நல்லது. ரிமோட் கார் நிறுவனமான அசோசியேட்டட்டின் 30 இலக்க ஒயில் 350 சென்டிஸ்டோக்ஸ், 40 இலக்க ஒயில் 500 சென்டிஸ்டோக்ஸ் ஆகும். வன்னி வெயிலில் ஒயில் இளகிவிடும் என்று எண்ணி நேரே மிகத் தடிப்பான ஒயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. சிலிக்கன் ஒயில் வெப்பத்தால் இளகுவது கனிய ஒயிலைவிட மிகக் குறைவு என்பதால் ஒரு படி ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால், ஒரு நெளிவில் ஏறி அமுங்கிய சில்லு அடுத்த நெளிவு வருமுன் கீழே இறங்கி முடிக்காது. நாலைந்து நெளிவுகளுக்குள் சொக் முழுவதும் அமுங்கி, கார் சொக்கே இல்லாததுபோல் ஓடும். குளக்கட்டுச் சரிவில் ஏறிப் பாய்ந்து விழுவதே உங்கள் விளையாட்டென்றால் மட்டும் தடிப்பான ஒயிலுக்கு நியாயம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு ஊற்றும் ஒயில் உதிரிப்பாகக் கடைகளில் இலகுவாகக் கிடைக்கிறது. நானும் ஒருமுறை அதையே ஊற்றினேன். சிலிக்கன் றப்பரால் ஆன ஓ-றிங்குகள் அப்படிப்பட்ட கனிய ஒயிலில் ஊதிவிடும். பிஸ்டன் தண்டு இறுகி, சில்லு அமுங்கிய இடத்திலேயே நின்றது. மிச்சம்பிடித்த காசுக்கு இரு மடங்கு ஓ-றிங்குக்கே போனது.

இரண்டாவது வழி, இணையத்தில் சிவப்பும் நீலமுமாக மின்னும் மலிவான அலுமினியச் சொக் தொகுதி. அதன் உண்மையான நன்மைகள் இரண்டு: உடலில் வெட்டிய மரையினால் காரின் உயரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம், உயரத்திலிருந்து விழுந்தாலும் மேல்மூடி கழன்று தெறிக்காது. இனி மற்றப் பக்கம். நான் வாங்கிய தொகுதியில் ஒயில் பெயருக்குத்தான் இருந்தது. வில்கள் அந்தக் காரின் எடைக்கு மிகக் கடினம். தண்டு வழவழப்பாக இல்லாததால் கிறவல் தூசி ஒட்டி இரண்டாம் நாளே ஓ-றிங்கை அரைத்து ஒயிலைக் கசியவிட்டது. சில்லைத் தாங்கும் கீழ்க்கை பிளாஸ்டிக்காகவே இருக்க, சொக் மட்டும் இரும்புபோல் நின்றால், அடி போய் விழுவது அடுத்த பலவீனமான பாகத்தில். என் காரில் உடைந்தது பின்பக்கச் சொக் தாங்கி. பொதி கடல் கடந்து கொழும்பில் இறங்கி இங்கு வந்து சேரும்போது, சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்காற்பணம் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கசக்கிறது.

பெயர்பெற்ற நிறுவனங்களின் தொகுதிகள் மூன்றாவது வழி. ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற கார் வைத்திருப்பவருக்கு அதே நிறுவனத்தின் பெரிய விட்ட அலுமினியச் சொக்குகள் அருமையாகப் பொருந்தும். ஆனால் அந்த விலை இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. தமியாவின் சி.வி.ஏ. வகை வேறு. உடல் பிளாஸ்டிக்தான், ஆயினும் ஒயிலுக்கு மேலே மென்சவ்வு வைத்து, தண்டு உள்ளே நுழையும்போது குறையும் இடத்தை அது ஈடுசெய்கிறது. பிஸ்டனை மாற்றித் தணிப்பின் அளவைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். உராய்வுச் சொக்குடன் வந்த காருக்கு, மின்னும் அலுமினியத்தை விட்டு இதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

பழைய பிளாஸ்டிக் சொக்கைத் திருத்துவதற்கும் அலுமினியத் தொகுதி வாங்குவதற்கும் நடுவே, பலர் கவனிக்காத ஓர் இடைவழியும் உண்டு: சில மாதிரிகளுக்கு அலுமினிய மேல்மூடிகள் மட்டும் தனியாகக் கிடைக்கின்றன. மூடி தெறிப்பதுதான் உங்கள் ஒரே குறையென்றால், பிளாஸ்டிக் உடலை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் மாற்றினால் போதும்.

எதை வாங்கினாலும் முழுதாக நீட்டிய நிலையில் மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம்வரை மில்லிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். நீளம் கூடினால் கீழ்க்கை அளவுக்கு மீறித் தொங்கி, சில்லைச் சுழற்றும் தண்டு கழன்று விழும். ஒயில் நிரப்பியதும் தண்டை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, குமிழிகள் எழுந்து அடங்கப் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்த பின்னரே மூடியைப் பூட்ட வேண்டும். பிறகு முழங்கால் உயரத்திலிருந்து காரை விட்டுப் பாருங்கள்: ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றால் சரி, மீண்டும் துள்ளினால் ஒயில் இளசு அல்லது உள்ளே காற்று, வயிறு நிலத்தில் இடித்தால் வில் மெலிது. முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓட்டி வந்தால், உப்பு மணலைத் தண்டிலிருந்து காய்ந்த தூரிகையால் அன்றே தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மணல் ஓ-றிங்குக்குள்தான் போகும்.