பாலக்காட்டு எல்லையில் நாலு மாடி: ஸ்டாட்டிக்கா, ஸ்பெக்ட்ரமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி என்று கட்டுகிறவர்கள் நிலநடுக்கக் கணக்கைப் பற்றி இப்போது விவரமாகவே கேட்கிறார்கள்: "ஸ்டாட்டிக் கணக்கு போதுமா, டைனமிக் போடணுமா? எதில் கம்பி மிச்சமாகும்?" ஸ்டாட்டிக் என்பது நிலநடுக்கத்தை நிலையான ஒரு பக்கவாட்டு விசையாக வைத்துப் போடும் கணக்கு; டைனமிக் என்பது கட்டிடம் ஆடும் விதத்தையும் சேர்த்துப் போடுவது, அதில் வழக்கமானது ஸ்பெக்ட்ரம் முறை.

முதல் கேள்விக்கு நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பிலேயே பதில் இருக்கிறது. ஸ்டாட்டிக் முறை மட்டும் போதும் என்பது இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில், 15 மீட்டருக்குக் குறைவான, கோணல்மாணல் இல்லாத கட்டிடத்துக்குத்தான். அந்தப் பதிப்பின் வரைபடத்தில் கேரளம் முழுக்க மூன்றாம் மண்டலம். எல்லை தாண்டினால் கோவையும் அதேதான். ஆகவே அந்த விதிப்படி இங்கே டைனமிக்கும் போட வேண்டும். 1900 பிப்ரவரியில் கோவையை உலுக்கிய நிலநடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். உயரம் 12 மீட்டர், அகலம் 16 மீட்டர், எடை 10,000 கிலோநியூட்டன். செங்கல் சுவர் நிரம்பிய கட்டிடத்துக்கு விதிநூல் சூத்திரப்படி அலைவு நேரம் (கட்டிடம் ஒரு முறை ஆடித் திரும்பும் நேரம்) 0.27 நொடி. மண்டல எண் 0.16, முக்கியத்துவ எண் 1, நீள்திறனுக்கான (உடையாமல் வளையும் திறனுக்கான) குறைப்பு எண் 5 என்று விதிநூல் சூத்திரத்தில் போட்டால் எடையில் 4 சதவீதம், அதாவது 400 கிலோநியூட்டன் பேஸ் ஷியர் (கட்டிடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை). கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை.

அதே கட்டிடத்தைச் சுவர் இல்லாமல் வெறும் பில்லர், பீமாக மென்பொருளில் ஏற்றினால் அலைவு நேரம் நீண்டு, விசை குறைந்து வரும். பேச்சுக்கு 300 என்று வைப்போம். உடனே கம்பியைக் குறைக்க முடியாது. ஸ்டாட்டிக் கணக்கின் 400-க்கு ஏற்றி, எல்லா விசையையும் 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறது விதி. "டைனமிக் போட்டால் கம்பி மிச்சம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் ஸ்பெக்ட்ரம் எதற்கு? மொத்த விசை எங்கே போகிறது என்று பார்க்க. ஸ்டாட்டிக் முறை உயரத்தின் வர்க்கப்படி விசையைப் பங்கிடும். நாலு தளமும் ஒரே எடை என்றால் உச்சிக்கு மட்டும் 53 சதவீதம். ரோட்டு முனையில் இரண்டு பக்கம் கடை ஷட்டர், பின்மூலையில் லிஃப்ட், படிக்கட்டு என்று இருந்தால் கட்டிடம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு எந்த அலைவில் எவ்வளவு வருகிறது என்பது ஸ்பெக்ட்ரத்தில் பளிச்சென்று தெரியும். ஸ்டாட்டிக்கில் ஒரு விலகல் தூரத்தைப் போட்டு ஈடுகட்டுவதோடு சரி.

ஆனால் கீழே பார்க்கிங் என்றால் ஸ்பெக்ட்ரமும் ஏமாற்றும். மேல்மாடிச் சுவர்களை மாடலில் மூலைவிட்டத் தாங்கிகளாகக் கொடுக்காவிட்டால், கீழ்த்தளம் மட்டும் தொளதொளவென்று நிற்பது மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் முறையைவிட மாடல்தான் முக்கியம். ரிப்போர்ட் எத்தனை பக்கம் என்று எண்ணாமல், சுவர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

டைம் ஹிஸ்டரி, அதாவது பதிவான நிலஅதிர்வையே கட்டிடத்துக்குள் நொடிநொடியாக ஓட்டிப் பார்ப்பது, நம் நாலு மாடிக்கு வேண்டாத செலவு. அணைக்கும் அடுக்குமாடிக் கோபுரத்துக்கும் சரி.

எந்த முறையானாலும் குறைப்பு எண் 5 சும்மா கிடைப்பதில்லை. பில்லர் ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் 90-லேயே விட்டுவிடுவார்கள்; கான்கிரீட் போடுமுன் போய்ப் பாருங்கள்.