கோட்டைக்குள் 12 அட்டவணைகள்: இட நினைவு முறை, நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

குரூப் 2 தேர்வுக்குப் படித்த காலத்தில் பிடித்த பழக்கம், இப்போது டியூஷன் எடுக்கும்போதும் விடவில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதை நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டு, மனசுக்குள்ளேயே அங்கே நடந்துபோய் எடுப்பது. கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்ட பழைய முறைதான். என்னுடைய இடம் வேலூர்க் கோட்டை.

அரசியலமைப்பின் 12 அட்டவணைகளை, அதாவது அதன் இறுதியில் வரும் இணைப்புப் பட்டியல்களை, எடுத்துக்கொள்ளுங்கள். அகழிப் பாலத்தில் மாநிலங்களின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. அது முதல் அட்டவணை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளி 22 நாக்குகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது, எட்டாவது, மொழிகள். மதில் மேலிருந்து ஒருவர் கட்சித் துண்டை மாற்றிக்கொண்டே அகழியில் குதிக்கிறார். பத்தாவது, கட்சித் தாவல் தடை, 1985. படம் எவ்வளவு விபரீதமோ அவ்வளவு நன்றாக ஒட்டும்.

உடனடி நினைவில் ஏழு விஷயம்போல நிற்கும் என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956-இல். நாலுதான் என்றார்கள் பின்னால் வந்தவர்கள். ஆனால் வழியும் இடமும் மூளையில் வேறு விதமாகப் பதிகின்றன. எலி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை, மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971-இல் காட்டினார். 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடந்த சம்பவங்களைப் பதிய வைப்பதற்கும் அதே பகுதிதான் வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டு பட்டியல் வைத்தால் குழம்பும். அதனால் இரண்டாவதற்கு காட்பாடி – பாகாயம் பஸ் ரூட்டை வைத்திருக்கிறேன்: விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், அப்புறம் சி.எம்.சி.

பெரிய குறை வேறு. இந்த முறை வரிசையைக் காக்கும், காரணத்தைக் காக்காது. ஒன்பதாவது அட்டவணை ஏன் வந்தது? ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள், அவற்றை எதிர்த்து வழக்குகள், அந்தச் சட்டங்களைக் காக்க 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் என்று அது ஒரு சங்கிலி. கோட்டையில் எத்தனை தடவை நடந்தாலும் அது கிடைக்காது. அதற்குத் தாளில் அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'அதனால்', 'தடுக்க' என்று உறவை எழுதுகிறேன். கருத்து வரைபடம் என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக் 1970-களில் வளர்த்தெடுத்தது இதுதான். விரிவாக விடை எழுத வேண்டிய மெயின்ஸ் தேர்வு எழுதுபவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

"எனக்கு மனசுல படமே வராது சார்" என்றார் ஒரு மாணவர். அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவரைக் கோட்டைக்கே போய் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம், வலப்பக்கம், படி என்ற திசையுணர்வே அவருக்குப் போதுமாக இருந்தது.