49 கிராம் என்று விற்ற மவுஸ், தராசில் 84 கிராம்

இணைய விற்பனைத் தளங்களில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு கம்பியில்லா கேமிங் மவுஸ் பல பெயர்களில் விற்கப்படுகிறது. மேல் ஓடு முழுவதும் தேன்கூட்டு ஓட்டைகள். ‘எடை 49 கிராம், 3395 சென்சார், 25,600 டிபிஐ, 1,000 ஹெர்ட்ஸ்’ என்று படத்தின் மீதே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். (சென்சார் என்பது மவுஸின் அசைவை அடியிலிருந்து பார்க்கும் பாகம், 3395 அதன் மாடல் எண். டிபிஐ என்பது ஓர் அங்குல அசைவைச் சென்சார் எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறது என்ற கணக்கு.) எங்கள் வீட்டுக்கு வந்த மவுஸில் இந்த நான்கில் ஒன்றுகூட உண்மை இல்லை. பணம் திரும்பி வந்துவிட்டது என்றாலும், கல்லூரிப் பிள்ளைகள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கும் பொருள் இது என்பதால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

திருச்சியில் பொறியியல் படிக்கும் என் தம்பி, கல்லூரி அணியில் வாலரன்ட் ஆடுகிறான். இந்த வகைத் துப்பாக்கிச் சுடும் ஆட்டங்களில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் உணர்திறனைக் குறைத்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கையையே அசைத்துக் குறிபார்ப்பார்கள். பின்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மவுஸை இழுத்து, தூக்கி, பழைய இடத்தில் வைத்து, மறுபடியும் இழுக்க வேண்டும். இதை மணிக்கணக்கில் செய்பவனுக்கு இருபது கிராம் குறைந்தாலும் கையில் தெரியும். எடை குறைந்தால் மவுஸைக் கிளப்புவதும் எளிது, குறியில் சட்டென்று நிறுத்துவதும் எளிது.

பத்தாண்டுக்கு முன் நிலைமை நேர்மாறாக இருந்தது. 2014இல் வந்த லாஜிடெக் ஜி502 மவுஸின் எடை 121 கிராம். அது போதாதென்று கூடுதலாகச் செருகிக்கொள்ள 3.6 கிராம் எடைக்கட்டிகள் ஐந்தை அதனுடனேயே கொடுத்தார்கள். பிறகு காற்று திசை மாறியது. 2019இல் குளோரியஸ் நிறுவனம் ஓட்டை போட்ட ஓட்டுடன் 67 கிராமில் மாடல் ஓ மவுஸைக் கொண்டுவந்தது. 2020 இறுதியில் லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட், ஓட்டையே இல்லாமல், பேட்டரியுடன் 63 கிராமுக்குள் வந்தது. 2024இல் ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராமுக்கு இறங்கியது. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஐந்து இலக்க விலையையொட்டி விற்கும் எடை இது. அதற்கும் கீழே ஐந்து கிராம் குறைத்து, கால் பங்கு விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் அந்த எண்ணைச் சரிபார்த்தே ஆக வேண்டும். தம்பி அனுப்பிய இணைப்பைத் திறந்ததுமே எனக்கு ஐயம் வந்தது. ஆனால் 4.3 நட்சத்திரமும் ஆயிரக்கணக்கான மதிப்பீடுகளும் இருந்தன. பொருளில் குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தது. பார்த்துவிடலாம் என்று வாங்கினோம்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் விழுந்தது ஒரு வண்ண அட்டை. ஐந்து நட்சத்திரம் போட்டு அதன் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 200 ரூபாய் தருவார்களாம். அந்த 4.3 நட்சத்திரத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மீதியும் பிறகு தெரிந்தது. மதிப்பீடுகளைப் பழைய தேதி வரிசையில் படித்தால், அடியில் இருப்பவை கைப்பேசித் திரையில் ஒட்டும் கண்ணாடியைப் பற்றியவை. ‘குமிழி இல்லாமல் ஒட்டியது’ என்று ஒருவர் மனம் நிறைந்து எழுதியிருக்கிறார். வேறு பொருளுக்கு வந்த மதிப்பீடுகள் இருக்கும் பக்கத்தை எடுத்து, படத்தையும் பெயரையும் மாற்றி மவுஸ் விற்கிறார்கள். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள் பழைய மதிப்பீடுகள் வரை உருட்டிப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மவுஸைத் திருப்பினால் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோசடி அங்கேயே உறுதியாகிவிட்டது. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360, 3395 போன்ற கேமிங் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை, அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. 3395 என்று சொல்லி விற்ற மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் உள்ளே இருப்பது அந்தச் சென்சார் அல்ல. இதற்குக் கருவி வேண்டாம், இருட்டு அறைகூட வேண்டாம். வாங்கியவுடன் எவரும் பார்த்துவிடலாம்.

எடைக்கு எங்கள் தெரு நகைக்கடைக்குப் போனோம். சமையலறைத் தராசு காட்டும் எண்ணை விற்பனையாளர் ஏற்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நகைக்கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வைத்துப் பார்த்தார்: 84 கிராம். தராசின் பூச்சியத்தில் தொடங்கி, மவுஸின் அடியில் இருக்கும் வரிசை எண் தெரிகிற மாதிரி, இடையில் வெட்டில்லாமல் தம்பி காணொளி எடுத்தான். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தக் காணொளிதான்.

மற்ற இரண்டு எண்களையும் வீட்டிலேயே சோதித்தோம். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் மவுஸ் தன் அசைவை நொடிக்கு ஆயிரம் முறை, அதாவது ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை, கணினிக்குச் சொல்ல வேண்டும். உலாவியிலேயே இதை அளந்து காட்டும் பக்கங்கள் உண்டு. எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் எங்கள் மவுஸ் 125ஐத் தாண்டவில்லை. சாதாரண அலுவலக மவுஸின் வேகம் அது, எட்டு மில்லி நொடிக்கு ஒரு முறை.

டிபிஐக்கு ஓர் அளவுகோல் போதும். விண்டோஸில் சுட்டியின் வேகமுடுக்கத்தை அணைத்துவிட்டு, வேகத்தை நடு அளவில் வைத்தால், 800 டிபிஐயில் 1,920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க மவுஸ் சுமார் 6.1 செ.மீ. நகர வேண்டும். எங்கள் மவுஸ் 800 அளவில் ஒரு திசையில் ஐந்து செ.மீ.யும் எதிர்த்திசையில் ஏழு செ.மீ.யும் எடுத்துக்கொண்டது. உச்ச அளவில் மெல்ல நகர்த்தினால் சுட்டி பிக்சல் பிக்சலாகப் போகாமல் தாவித் தாவிப் போயிற்று. சென்சார் உண்மையில் அவ்வளவு நுட்பமாகப் பார்க்கவில்லை, கிடைத்த எண்ணைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்று பொருள். இத்தனைக்கும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400இலிருந்து 1,600 டிபிஐக்குள்தான் வைத்து ஆடுகிறார்கள். 25,600 என்ற எண் பெட்டியின் மேல் அச்சடிப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது.

ஆட்டத்தில் இதைவிட மோசம். 3395 சென்சார் நொடிக்கு 650 அங்குல வேகம் வரை தடம் தவறாது என்பது பிக்ஸ்ஆர்ட் தரும் அளவு. இந்த மவுஸை வேகமாக இழுத்தால் குறி தரைக்கோ வானத்துக்கோ போய்விடும். பின்னால் வந்த எதிரியைச் சுடத் திரும்பியவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே சாவான். ‘அக்கா, என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று தம்பி சொன்னபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. பொருளின் குறையைப் பிள்ளைகள் தங்கள் திறமையின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

புகார் கொடுத்தோம். மாற்று மவுஸ் வந்தது, அதுவும் அதே 84 கிராம். மறுபடி புகார் கொடுத்ததும் தளத்தின் சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு பொத்தானையும் அழுத்திப் பார்த்து, சக்கரத்தை உருட்டி, ‘மவுஸ் வேலை செய்கிறது, குறை எதுவும் இல்லை’ என்று பதிவு செய்துவிட்டுப் போனார். எடையைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அதைப் பார்க்க என் படிவத்தில் இடமில்லை மேடம்’ என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. படிவம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. விற்பனையாளரோ, 49 கிராம் என்பது ‘ஓட்டின் எடை மட்டும்’ என்று பதில் அனுப்பினார். மின்சுற்றுப் பலகையும் பேட்டரியும் இல்லாத மவுஸை வைத்துக்கொண்டு யார் ஆடுவார்கள்? அடுத்த நாள் விற்பனைப் பக்கத்தைப் பார்த்தால் ‘49 கிராம்’ மறைந்து ‘மிக இலகுவானது’ என்று மாறியிருந்தது. பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எங்களிடம் இருந்தது. வாங்குவதற்கு முன்பே விற்பனைப் பக்கத்தை முழுவதும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய பிறகு அது அப்படியே இருக்காது.

இரண்டாவது மவுஸையும் அதே மாதிரி எடை போட்டுப் பதிவு செய்தபின், சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மவுஸின் திருகுகள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழேதான் இருக்கும். பட்டையைப் பெயர்த்து, திருகைக் கழற்றி, ஓட்டைத் திறந்து, உள்ளிருந்து ஓர் இரும்புத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 21 கிராம். எடை குறைவு என்று விற்ற மவுஸுக்குள் எடைக்கென்றே வைத்த இரும்பு! மலிவான அலுவலக மவுஸ்களில், கையில் எடுத்தால் கனமாக, தரமானதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக இப்படி ஒரு தகடு வைப்பது பழைய வழக்கமாம். அந்த அடிப்பாகத்தையும் பலகையையும் அப்படியே எடுத்து, மேலே துளை போட்ட ஓடு மட்டும் மாட்டியிருக்கிறார்கள். தகட்டைக்கூட எடுக்கவில்லை. ‘இதை எடுத்துப் போட்டால்கூட 63தான் மேடம்’ என்றார் அவர்.

விற்பனையாளரிடம் பேசுவதை அதோடு நிறுத்திவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்தேன். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் தனியாக எழுதினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கடிதத்தில் அந்த வரியை எழுதி, விற்பனைப் பக்கத்தின் படத்தையும் எடைக் காணொளியையும் இணைத்தேன். மவுஸைப் பிரித்துவிட்டதால் பணம் தர முடியாது என்று விற்பனையாளர் சொல்லிப் பார்த்தார். பிரிப்பதற்கு முன்பே எடுத்த காணொளியில் வரிசை எண்ணோடு 84 கிராம் தெரிந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. முழுப் பணமும் வந்தது.

வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இவ்வளவு சிறிய தொகைக்கா என்று விட்டுவிடாதீர்கள். சிறிய தொகை என்று எல்லோரும் விட்டுவிடுவதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இரண்டாயிரம் மூவாயிரம்தான் கையில் இருக்கிறதென்றால், கம்பியில்லா மவுஸ் என்ற ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம். கம்பியுள்ள மவுஸில் பேட்டரி இல்லை, ரேடியோப் பலகை இல்லை. அந்தக் காசு சென்சாருக்கும் ஸ்விட்சுக்கும் போகும், எடையும் தானாகக் குறையும். தம்பி இப்போது வைத்திருப்பது 3360 சென்சார் கொண்ட கம்பி மவுஸ், நகைக்கடைத் தராசில் 69 கிராம். நிறுவனம் சொன்னதும் 69தான். முடிந்தால் கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் ‘எடை பேட்டரியுடன் எவ்வளவு?’ என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், சட்டப்படி இருந்தாக வேண்டும். எங்களுக்கு வந்த இரண்டு பெட்டிகளிலும் அது இல்லை. சீட்டு இல்லாத பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.