ஃபீட் வரிசையை நாமளே வச்சுக்கலாம்: ப்ளூஸ்கை ரிவ்யூ

ப்ளூஸ்கைங்கிற சோஷியல் மீடியா ஆப்பை பத்தி கேட்டா பழைய ட்விட்டர் மாதிரி இருக்குப்பான்னு ஒரு வரில சொல்லி முடிச்சிடறாங்க, ஆனா எனக்கு அதுல புடிச்சது வேற, ஃபீட்ல (ஆப்பை தொறந்தா வரிசையா வர்ற போஸ்ட் லிஸ்ட்) எது முன்னாடி வரணும் எது பின்னாடி போகணும்ங்கிறத நம்ம கையில குடுத்திருக்காங்க. இந்த ரிவ்யூ அதை பத்தி மட்டும்தான், மத்த வசதியெல்லாம் வேற யாராவது எழுதுவாங்க.

இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்னா, நான் ரொம்ப நாளா வச்சிருக்கிற இன்னொரு ஆப்ல (பேரு வேணாம்) வரிசையை அதுவே முடிவு பண்ணும், பர்த்டே கேக் போட்டோ ரெண்டு நாள் கழிச்சுதான் கண்ணுல படும், வாழ்த்து சொல்லலாம்னு உள்ள போனா அங்க எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிச்சு லைட்ட ஆஃப் பண்ணிட்டு போயிருப்பாங்க.

சரி மேட்டருக்கு வரேன். ஃபாலோயிங்னு ஒரு ஃபீட் இருக்கு, நாம ஃபாலோ பண்றவங்க போடறது மட்டும், புதுசு மேல பழசு கீழ (இதைத்தான் டைம் ஆர்டர்னு சொல்றேன்), அவ்ளோதான். செட்டிங்ஸ்ல போய் ரிப்ளை வேணுமா, ரீபோஸ்ட் (அடுத்தவங்க போஸ்ட்டை அப்படியே பகிர்றது) வேணுமா, கோட் (quote) போஸ்ட் (அடுத்தவங்க போஸ்ட்டோட நம்ம கருத்தையும் சேர்த்து போடறது) வேணுமான்னு தனித்தனியா ஆன் ஆஃப் பண்ணிக்கலாம். ரீபோஸ்ட்டை மட்டும் ஆஃப் பண்ணி பாருங்க, நாம ஃபாலோ பண்ற ஆளுங்க சொந்தமா எவ்ளோ கம்மியா பேசறாங்கன்னு அப்பதான் தெரியும் 😄

ஆனா உண்மையான சமாச்சாரம் 2023ல கொண்டுவந்த கஸ்டம் ஃபீட்தான். எதை எந்த வரிசைல காட்டணும்ங்கிற கணக்கை, அதாவது அல்காரிதத்தை, கம்பெனி ஆளுங்கதான் எழுதணும்னு இல்ல, வெளியாள் யார் வேணா எழுதலாம், அது அவங்க சர்வர்ல ஓடும், எந்தெந்த போஸ்ட் எந்த வரிசைலன்னு லிஸ்ட் மட்டும் அங்கேருந்து வரும், ஆப் அதை எடுத்து காட்டிடும். புடிச்ச ஃபீடை பின் (pin) பண்ணி, அதாவது மேல நிரந்தரமா குத்தி வச்சு, முன்ன பின்ன மாத்திக்கலாம். இதுல என் ஃபேவரிட் 'கொயட் போஸ்டர்ஸ்', நாம ஃபாலோ பண்றவங்கள்ல எப்பவாவது ஒரு தடவை வாய தொறக்கிறவங்க போஸ்ட்டை மட்டும் பொறுக்கி எடுத்து காட்டும். டைம் ஆர்டர்னா நியாயமானதுன்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்குல்ல, அதுல மணிக்கு பத்து போஸ்ட் போடறவர்தான் ராஜா, மாசத்துக்கு ஒண்ணு போடறவர் அப்படியே அடியில போயிடுவார், அந்த ஓட்டையை இது அடைக்குது.

டைம் ஆர்டர் சர்வரோக நிவாரணி இல்லங்கிறதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2020 அமெரிக்க தேர்தல் சமயத்துல ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல கொஞ்சம் பேருக்கு மூணு மாசம் டைம் ஆர்டர் ஃபீட் மட்டும் குடுத்து பாத்தாங்க, 2023ல சயின்ஸ் இதழ்ல ரிசல்ட் வந்துச்சு. ஆப்ல இருக்கிற நேரம் குறைஞ்சுது, அரசியல் போஸ்ட்டும் நம்ப முடியாத இடத்துலேருந்து வர்ற சரக்கும் கூடுச்சு, அரசியல் கருத்துல பெருசா ஒண்ணும் மாறல. நேரம் குறைஞ்சுதுங்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க, கம்பெனிங்க ஏன் இந்த ஆப்ஷனை மூலைல வைக்கிறாங்கன்னு புரியும்.

உதாரணத்துக்கு இன்ஸ்டாகிராம் 2016ல டைம் ஆர்டரை எடுத்துட்டு 2022 மார்ச்ல ஃபாலோயிங், ஃபேவரிட்ஸ்னு ரெண்டு வியூ குடுத்தாங்க, ஃபேவரிட்ஸ்ல 50 அக்கவுண்ட் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா இந்த ரெண்டுல எதையும் டிஃபால்ட்டா (ஆப்பை தொறந்ததும் தானா வர்றதா) வச்சுக்க முடியாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் தேடிப்போய் அமுக்கணும்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஐரோப்பால டிஜிட்டல் சர்வீசஸ் சட்டம் வந்து, நம்மள பத்தின தகவலை வச்சு ஆளை கணிச்சு காட்டாத ஒரு ஃபீடாவது பெரிய கம்பெனிங்க குடுத்தே ஆகணும்னு 2023 ஆகஸ்ட்லேருந்து கட்டாயம் ஆக்கிட்டாங்க, சட்டம் போட்டாதான் பட்டன் வருது.

ப்ளூஸ்கைலயும் குறை இல்லாம இல்ல. கஸ்டம் ஃபீட் யாரோ ஒருத்தர் சர்வர்ல ஓடுது, அவர் போதும்டான்னு நிறுத்திட்டா நம்ம ஃபீடும் காலி. அதை தொறக்கும்போது எந்த அக்கவுண்ட் கேக்குதுன்னு அவர் சர்வருக்கு தெரியும், இது நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ஃபீட் பத்தின விளக்கமும் அதை செஞ்சவர் எழுதினதுதான், உள்ள நிஜமா என்ன கணக்குல வரிசை போடறாங்கன்னு வெளிய தெரியாது. அதனால யார் செஞ்சதுன்னு பாத்துட்டு பின் பண்ணுங்க.

டிஸ்கவர்னு அவங்களோடதே ஒண்ணு இருக்கு, இதை மாதிரி இன்னும் காட்டு, கம்மியா காட்டுன்னு பட்டன் உண்டு, புது ஆளுங்கள கண்டுபுடிக்க ஓகே.

ஃபீட் கன்ட்ரோலுக்கு மட்டும் மார்க் போட்டா 5க்கு 4. புதுசா வர்றவங்க முதல்ல ஃபாலோயிங்ல ரீபோஸ்ட்டை ஆஃப் பண்ணிட்டு, கொயட் போஸ்டர்ஸை அதுக்கு அடுத்தாப்ல பின் பண்ணிக்கோங்க, டிஸ்கவரை கடைசிக்கு தள்ளிடுங்க.