சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய இஎக்ஸ் 5: வாங்கி, சரிசெய்து, ஓட்டிய அனுபவம்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "இஞ்சின் எப்படி இருக்கு?" என்றுதான். எனக்கு அது மூன்றாவது கேள்வி. கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது, பிரேக்கும் டயரும் என்ன நிலையில் இருக்கின்றன, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு இஞ்சினைப் பற்றிப் பேசலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய ஹோண்டா இஎக்ஸ் 5-ஐ வாங்கிச் சரிசெய்து, இரண்டு வருடங்களுக்கு மேலாக வேலைக்கும் கடைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதத் தவணையில் புது மோட்டார் எடுக்காமல் இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கும் இதுதான் என் பதில்.

இஎக்ஸ் 5-க்கு நம் பக்கம் அறிமுகம் தேவையில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனதும் இதில்தான், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டதும் இதில்தான், கோயில் திருவிழாவுக்கு வாழையிலைக் கட்டு ஏற்றி வந்ததும் இதில்தான். 97 சிசி, காற்றிலேயே குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின், நான்கு கியர், கையில் கிளட்ச் கிடையாது. 1958-இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி. அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தொட்டது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்தனை வண்டி ஓடுவதால்தான் டவுனில் உள்ள சின்ன உதிரிபாகக் கடையில்கூட, பெயரைச் சொன்ன உடனே தவுக்கே (கடை முதலாளி) திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி டப்பாவை எடுத்துத் தருகிறார். பழைய வண்டி எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. அபூர்வமான மாடலை ஆசைப்பட்டு வாங்கி, ஒரு ரப்பர் வளையத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

நான் வாங்கியது கமுனிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம். கண் மங்கிய பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வண்டி லயத்துத் தாழ்வாரத்தில் பல வருடம் சும்மா நின்றிருந்தது. விலை 1,000 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதே பணத்துக்குப் பெயிண்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளும் கிடைத்தன. நான் இதை எடுத்ததற்கு ஒரே காரணம், கிராண்டில் பெயர் இருந்தவர் என் எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான்.

தோட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. அப்பா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், மகன் ஓட்டும் மோட்டார் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் பெயர் மாற்ற வேண்டுமானால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்கு நேராகப் போக முடியாது; வாரிசுகள், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா போன்ற இடங்களில் ஏறி இறங்கிக் கடிதம் வாங்கி வர வேண்டும். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், அந்த வேலை முடிந்த பிறகு பணம் கொடுங்கள். இன்னொன்று, இஎக்ஸ் 5-இல் இஞ்சினை மாற்றிப் போடுவது மிக எளிது என்பதால் நிறைய வண்டிகளில் மாற்றியிருப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்துவிட்டு, இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாகக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து இடித்தாலும் அங்கேயே விட்டுவிடுங்கள். வண்டி ரொம்ப நாள் ஓடாமல், சாலை வரியும் செத்துக் கிடந்தால், எந்தச் சாமானும் வாங்கும் முன்பு கவுண்டரில் போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது.

பெயர் மாற்ற அவரை ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டிய கை. கட்டை விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்ததால் கருவி படிக்கவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் அலுத்துக்கொள்ளவில்லை. ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார், காயவிட்டு மறு கையில் முயன்றார், அதில் விழுந்துவிட்டது. வெளியே வந்ததும் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை, "பின் பிரேக்கப் பாத்துக்க தம்பி, அது ரொம்ப நாளா சரியாப் பிடிக்கல."

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. 150 சிசி வரைக்குமான மோட்டாருக்கு முன்பு சாலை வரி வருடத்துக்கு 2 ரிங்கிட்தான். 2022-இலிருந்து தனிநபர் வண்டிகளுக்கு அதுவும் இல்லை. வரியே இல்லையே என்று காப்புறுதியையும் சேர்த்து விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களைத் தோட்டத்துச் சாலையில் தினமும் பார்க்கிறேன். "தோட்டத்துக்குள்ளதானே" என்பார்கள். தோட்டத்துக்குள்ளும் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலையைவிடப் பெரிதாகப் போகாது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சரி, பிரேக். பெரியவர் சொன்னது பொய்யில்லை. பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தபோது உள்ளே சிவப்பு மண் தூசு அடை அடையாக இருந்தது. தோட்டத்து மண் சாலையில் மழையிலும் வெயிலிலும் ஓடிய வண்டிக்கு அது இயல்புதான். பிரேக் ஷூ தேய்ந்திருக்கவில்லை, ஆனால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அப்படி இறுகிப்போன ஷூ எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும், பிடிக்காது. ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து, மிதித்தால் போகும், திரும்பி வராது. அதை உருவி, எமரித் தாளில் தேய்த்து, மெல்லிசாக கிரீஸ் தடவிப் போட்ட பிறகு பெடல் விரலுக்கு அடங்கியது. கிரீஸ் அதிகமானால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கிவிடும், அதனால் மெல்லிசு என்பதில் கவனம் வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் புது ஷூ போட்டேன். பிரேக் கை பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. முழுசாக மிதித்துப் பிடிக்கும்போது அது எதிரில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கம்பியை மட்டும் முறுக்கி முறுக்கி இறுக்கிக்கொண்டே போவார்கள், ஒரு நாள் ஷூ இரும்போடு நிற்கும்.

டயர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பூ ஆழமாக, ஓடாத டயர் மாதிரி. ஆனால் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2309 என்றால் 2009-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். இந்த வண்டியின் பின் டயர் பத்து வருடத்தையும் தாண்டியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, வளைத்தால் சுவரில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. முன்னால் 2.25, பின்னால் 2.50, இரண்டும் 17 அங்குலம். டியூபோடு சேர்த்து மாற்றினேன். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பியபோது நேர்நடுவில் ஒரு சின்ன தடங்கல் கைக்குத் தெரிந்தது. கழுத்து பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். இடப்பக்கம் வலப்பக்கம் சரியாகத் திரும்பும் வண்டி, நேராகப் போகும்போதுதான் அலையும். அதையும் மாற்றினேன்.

இத்தனையும் செய்த பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பார்த்தவர்கள், "ஓடாத வண்டிக்குப் புது டயரா?" என்றார்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிர் போகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சாவு வீடுகளுக்கு நாம் போயிருக்கிறோம். ஓடாத இஞ்சின் வீட்டில் நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத பிரேக்கில் ஓடும் இஞ்சின்தான் ஆளைக் கொல்லும். அதனால் என் வரிசையை நான் மாற்றிக்கொள்ளவே மாட்டேன்.

இஞ்சினுக்கு வருவோம். டவுனில் ஒரு பட்டறையில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். கவரைக்கூடத் திறக்காமல் "ஓவரால் பண்ணணும், போர் அடிக்கணும்" என்றார்கள். சம்மதிக்கவில்லை. போர் அடிப்பது என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது. இந்தச் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். போர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் 0.25 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டே போவார்கள், 1.00 வரைக்கும்தான் பிஸ்டன் கிடைக்கும். தேவை இல்லாமல் ஒரு முறை போர் அடித்தால் வண்டியின் ஆயுளில் கால்பங்கை வெட்டி எறிந்த மாதிரி.

லிந்தாங் சாலைப் பக்கம், தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு போமன் (மெக்கானிக்) அண்ணன் இருக்கிறார். அவர் கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்து, "கம்ப்ரஷன் இருக்கு, எண்ணெய்தான் வரல" என்றார். எண்ணெய் என்று அவர் சொன்னது பெட்ரோலை. கார்புரேட்டரைக் கழற்றி நியூஸ் பேப்பரில் கவிழ்த்தார். பழைய பெட்ரோல் வற்றிப்போய்ப் பச்சையும் பழுப்புமாகக் கோந்து பிடித்திருந்தது. பைலட் ஜெட் என்பது ஒரு சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் உள்ள ஓட்டை தலைமுடி மொத்தம்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு புள்ளி ஒளி தெரிய வேண்டும், தெரியவில்லை. நான் ஊசியை எடுத்து நீட்டினேன். "ஊசி விடாதீங்க தம்பி, ஓட்டை பெரிசாயிரும். அப்புறம் எண்ணெய் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு, பழைய லைட் வயரை உரித்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்தார். கிளீனர் அடித்து, இழையை விட்டு, காற்றடித்து, மறுபடியும் வெளிச்சத்துக்குப் பிடித்தார். புள்ளி தெரிந்தது.

கிளட்ச் கவரையும் அவர் திறக்கச் சொன்னார். இந்த வண்டியில் காரில் இருப்பதுபோல மாற்றிப் போடும் எண்ணெய் ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடை உண்டு. மற்ற அழுக்கெல்லாம் சுழற்சியில் வெளிப்பக்கம் ஒதுங்கிக் கிளட்ச் கிண்ணத்தில் படிந்துவிடும். அதனால் அதை யாராவது எப்போதாவது திறந்து சுரண்ட வேண்டும். யாரும் சுரண்டவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. சாம்பல் நிறச் சேறு ஸ்க்ரூடிரைவரால் தோண்டும் அளவுக்கு இறுகியிருந்தது. வால்வு இடைவெளியை இஞ்சின் ஆறிய நிலையில் 0.05 மில்லிமீட்டருக்கு வைத்தார். புது மினியாக் ஹித்தாம் (இஞ்சின் ஆயில்) ஊற்றினோம். இறக்கி மாற்றும்போது 0.7 லிட்டர்தான் பிடிக்கும், கடையில் போத்தல் 0.8 லிட்டர். மிச்சத்தையும் இஞ்சினுக்குள் ஊற்றிவிடாதீர்கள். அன்று மாலையே வண்டி ஓடியது.

அதன் பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ராத்திரி நின்றபின் காலையில் மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஹெட்டை இறக்கி சீல் மாற்றி, கரியைச் சுரண்டி ஏற்றினோம். சிலிண்டரைத் தொடவில்லை. இன்றைக்கும் அதே சிலிண்டர்தான் ஓடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்ட ஒரு செயின் சீக்கிரமே சீரில்லாமல் நீண்டு, ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொங்கியது. செயின், பிரேக் ஷூ, கேபிள் மூன்றிலும் அசல் சாமானுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணில்லை. கூடைக்கும் கண்ணாடிக்கும் மலிவு போதும். முழு கார்புரேட்டரையும் புதுசாக மலிவு விலையில் விற்கிறார்கள், என் கருத்தில் பழைய அசலைக் கழுவிப் போடுவதே மேல்.

ஓட்ட எப்படி இருக்கிறது? லிந்தாங், ஜாலோங் பக்கத்துச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் ஓட்டியதில்லை. செயினை முழுக்க மூடிய கவர் இருப்பதால் சிவப்புச் சேறு உள்ளே போவதில்லை. பெட்ரோல் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் பக்கம் கொடுக்கிறது. மணிக்கு 60, 70-இல் சுகமாகப் போகும், அதற்கு மேல் ஹேண்டில் நடுங்கும். கோலகங்சார் போகும் கூட்டரசு சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி முந்தும்போது காற்று வண்டியைத் தள்ளுவதை உணர முடியும். நெடுஞ்சாலைக்கு நான் இதை ஏற்றுவதே இல்லை. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் மூன்றாவது கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடிக்காத ஒன்று ஹெட்லைட். 1992-இலிருந்து பகலிலும் மோட்டாரில் லைட் போட்டே ஓட்ட வேண்டும் என்பது சட்டம், அதற்கு இந்த வெளிச்சம் போதும். ஆனால் இஞ்சின் சுற்றினால்தான் லைட்டும் எரியும் அமைப்பு என்பதால், இருட்டில் வேகம் குறைக்கும்போது வெளிச்சமும் மங்குகிறது. தெருவிளக்கே இல்லாத செம்பனைக்கு நடுவில், குழி எங்கே என்று தெரிய வேண்டிய அதே நேரத்தில் அது நடக்கிறது. ஒயரைச் சுத்தம் செய்து, புது பல்பும் பிரதிபலிப்பானும் மாற்றியதில் கொஞ்சம் தேறியது, முழுசாக இல்லை. இரவு வேலைக்குப் போகிறவர் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

மொத்தச் செலவு, வண்டி விலையோடு சேர்த்து, 2,000 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. இதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் நான் கொஞ்சம் புதிய வண்டியைத் தேடுவேன். அடுத்த வேலை பின் ரிம். ஸ்போக்ஸ் முனைகளில் துரு ஏறியிருக்கிறது, தட்டினால் சில கம்பிகள் மற்றவை போல ஒலிப்பதில்லை. அக்டோபர், நவம்பர் மழை பிடிப்பதற்குள் கம்பிகளை மாற்றி ரிம்மைக் கட்டிவிட வேண்டும் என்று போமன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.