சாஃப்ட்பால் போட்டிக்கு அம்பயர் கூப்பிட்டோம்: 5க்கு 4 ஸ்டார்

ஞாயித்துக்கிழமை சேலத்துல எங்க பொண்ணுங்க டீமுக்கு ஒருநாள் போட்டி. அம்பயரிங் பண்ண ரெண்டு பேரைக் கூப்பிட்டிருந்தோம். ஆளுக்கு 900 ரூபாய், சாப்பாடு நம்ம பொறுப்பு. எட்டு மணின்னு சொல்லிட்டு எட்டே முக்காலுக்கு வந்தாங்க. ஒரு ஸ்டார் அங்கேயே போச்சு.

அஞ்சாவது இன்னிங்ஸ். எதிர் டீம் கோச் ஒரு பி.டி. மாஸ்டர். தங்கமான மனுஷன், மேட்ச்னா மட்டும் சாமி வந்துடும். அவங்க பொண்ணு ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வந்ததை, ரெண்டு அம்பயர்ல பெரியவர் அவுட்டுன்னுட்டார். மாஸ்டர் ஓடி வந்து, "கண்ணு தெரியலையா சார்?"

பெரியவர் மாஸ்க்கைக் கழட்டிட்டு முழுசாக் கேட்டுக்கிட்டுச் சொன்னார். "ரூல் தப்புன்னா அடுத்த பால் போடுறதுக்குள்ள புரொட்டஸ்ட், அதான் முறைப்படி ஆட்சேபணை, குடுங்க மாஸ்டர். அவுட்டா சேஃபாங்கறது என் பார்வை, அதுக்கு புரொட்டஸ்ட் கிடையாது. போய் உக்காருங்க."

மாஸ்டர் காலால செம்மண்ணை பிளேட் மேல தள்ளினார்.

"கிளம்புங்க மாஸ்டர்."

குரல் ஏறவே இல்ல. கையை நீட்டினார், முதுகைத் திருப்பிக்கிட்டார், பாக்கெட்ல இருந்து பிரஷ்ஷை எடுத்துக் குனிஞ்சு பிளேட்டை நிதானமாக் கூட்ட ஆரம்பிச்சுட்டார். மாஸ்டர் யாரைப் பார்த்துக் கத்துவார்?

வெளியேத்தினவர் கண்ணுல படக்கூடாது, அவர் குரலும் கேக்கக்கூடாது. அதான் ரூல். எங்க கிரவுண்டுக்கோ சுவரே கிடையாது. மாஸ்டர் வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னு துண்டை ஆட்டி ரன்னருக்கு சைகை காட்டிக்கிட்டிருந்தார். பெரியவர் ஆட்டத்தை நிறுத்தி அவங்க கேப்டனைக் கூப்பிட்டார். "மாஸ்டர் ரோட்டைத் தாண்டலைன்னா நீங்க தோத்ததா 7-0ன்னு எழுதிடுவேன் கண்ணு." அந்தப் பொண்ணே ஓடிப்போய் அனுப்பி வெச்சுட்டு வந்துச்சு. மாஸ்டர் அப்புறம் முக்குக்கடையில தட்டுவடை செட் சாப்பிட்டுக்கிட்டிருந்ததாக் கேள்வி.

பேஸ் பக்கம் பார்த்துக்கிட்ட இன்னொரு அம்பயர், சின்னவர்தான் சரியில்ல. மாஸ்டர் போறப்ப "போய்யா போ"ன்னு முணுமுணுத்தார். பாதி தூரம் போன மனுஷன் திரும்பி வந்துட்டார். பெரியவர் குறுக்கே நின்னதால தப்பிச்சோம். எந்த இன்னிங்ஸ்ல என்ன நடந்ததுன்னு அம்பயருங்க ரிப்போர்ட்டும் எழுதித் தரணும். அதை வாங்க மூணு தடவை போன் போட்டேன்.

அடுத்த போட்டி ஏற்காட்டுல. பெரியவரை மட்டும் கேட்டிருக்கோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறணுமேன்னு பஸ் செலவு தனியாக் கேக்குறார். குடுத்துடலாம்.